குழந்தை வார்டுல ஐவி லைன் நின்னுடுச்சா? எங்க பார்க்கணும், எப்ப தள்ளக்கூடாது

குழந்தைங்க வார்டுல வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும், ஒரு வென்ஃப்ளான் (ரத்தக் குழாய்க்குள்ள போடுற மெல்லிய பிளாஸ்டிக் ஐவி ஊசி) போடுறது எவ்வளவு பாடுன்னு. ரெண்டு பேர் கையைப் பிடிச்சு, அம்மா கதவுக்கு வெளிய நின்னு அழுது, கடைசியில ஒரு மஞ்சள் கலர் 24 கேஜ் (கேஜ்னா ஊசியோட தடிமன்) நிக்கும், பச்சைக் குழந்தைன்னா ஊதா கலர் 26. அது அடுத்த ஷிஃப்ட்லயே பிளாக் ஆயிடுச்சுன்னா மறுபடி அதே பாடு, அதுவும் டெங்கு சீசன்ல கைகாலெல்லாம் உப்பி நரம்பே (ரத்தக் குழாய்) தெரியாத குழந்தைக்குன்னா சொல்லவே வேண்டாம்.

நின்னு போச்சுன்னு சொல்ற லைன்ல நிறைய லைன் உண்மையில கெட்டுப் போனது இல்ல. கிளாம்ப் மூடியிருக்கும், கை மடங்கியிருக்கும், அதுக்குப் போய் நல்ல லைன பிடுங்கிடுவாங்க. இதுக்கு நேர் எதிரா, உண்மையிலயே வெளிய வந்துட்ட லைன சிரிஞ்ச வச்சு அழுத்தி அழுத்தி ஓட்டி குழந்தை கை வெந்து போறதும் நடக்குது. இந்த ரெண்டுமே நடக்கக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன். புதுசா குழந்தை வார்டுக்கு வர்ற சிஸ்டர்ஸுக்காக எழுதுனது, ஆனா பக்கத்துல உக்காந்திருக்குற அம்மா அப்பாவும் படிக்கலாம், ஏன்னா முதல்ல கவனிக்கிறது எப்பவும் அவங்கதான். (அம்மா அப்பா பார்த்து சொன்னா போதும், லைன தொட வேண்டாம்.) டோஸ், ஃப்ளஷ் (லைன் அடைக்காம இருக்க சிரிஞ்ச்ல சலைன் தள்ளுறது) அளவு எல்லாத்துக்கும் உங்க வார்டு புரோட்டோகால்தான் கடைசி வார்த்தை.

லைன தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி

முதல் கேள்வி, குழந்தை எப்படி இருக்கு. கை கால் சில்லுன்னு இருக்கா, மயக்கமா இருக்கா, மூச்சு வாங்குதா. அப்படி இருந்தா லைன நோண்டிக்கிட்டு நிக்காதீங்க, உடனே டூட்டி டாக்டர கூப்பிடுங்க, அவர் வர்றதுக்குள்ள லைன பாக்கலாம்.

ரெண்டாவது, லைன்ல என்ன ஓடுது. டோபமின், அட்ரினலின், நார்அட்ரினலின், இன்சுலின், பொட்டாசியம் கலந்த ஃப்ளூயிட், இதுல எது ஓடினாலும் அந்த லைன ஃப்ளஷ் பண்ணவே கூடாது. எக்ஸ்டென்ஷன் (வென்ஃப்ளான்ல மாட்டுற சின்ன ட்யூப்) உள்ள நிக்கிற மருந்து மொத்தமும் ஒரே தள்ளுல குழந்தை உடம்புக்குள்ள போயிடும். அட்ரினலின்னா பிபி எகிறும், பொட்டாசியம்னா ஹார்ட்டே நின்னுடலாம். இந்த மாதிரி லைன் நின்னுச்சுன்னா செக் பண்றதெல்லாம் கண்ணாலயும் விரலாலயும் மட்டும்தான், சிரிஞ்ச் கையில எடுக்குறதுக்கு முன்னாடி டாக்டர் வரணும்.

அப்புறம் கைய கழுவுங்க. அவசரத்துல இதத்தான் முதல்ல விட்டுடுறோம்.

அறிகுறி: சொட்டு விழல (பம்ப் இல்லாத லைன்)

இங்க வரிசை முக்கியம். சொட்டு நின்னதும் எல்லார் கையும் தானா ரோலர் கிளாம்புக்குத்தான் (சொட்டு வேகத்த கூட்டிக் குறைக்கிற சக்கரம்) போகும், இன்னும் கொஞ்சம் திறந்து பார்ப்போம்னு. அப்படி செய்யாதீங்க. முதல்ல ஊசி இருக்குற இடத்த பாருங்க. உள்ள வீங்கிட்டு இருக்கறப்ப கிளாம்ப திறந்தா வீக்கத்துக்கு இன்னும் தண்ணி ஊத்துற மாதிரி ஆயிடும். தொட்டுப் பாருங்க, கண்ணால பாருங்க, அப்புறம் அந்தப்பக்க கைய எடுத்து பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. பத்து செகண்ட் கூட ஆகாது. வீக்கம் இருந்தா இந்தப் பகுதிய விட்டுட்டு நேரா கீழ வீக்கத்துக்குப் போங்க.

*தோல் நல்லா இருக்கு, வீக்கம் இல்ல.* இப்ப பாட்டில்ல இருந்து கீழ வாங்க, காசு செலவில்லாத காரணமெல்லாம் மேலதான் இருக்கு.

பாட்டில் காலியா. பியூரெட் (பாட்டிலுக்கு கீழ இருக்குற, அளவு போட்ட குழாய்) செட்னா மேல இருக்குற சின்ன ஏர் வென்ட் திறந்திருக்கா, அந்த ஃபில்டர் நனைஞ்சிருக்கா. பியூரெட்ட சாய்ச்சுப் பிடிச்சு நிரப்புனா ஃபில்டர் நனைஞ்சு காத்து போகாம சொட்டு நின்னுடும், வெளிய இருந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும், இத கண்டுபிடிக்க தெரியாமலே எத்தனையோ நல்ல லைன் போயிருக்கு. பியூரெட் ஒரு தடவை முழுசா காலி ஆயிருந்தா அடியில இருக்குற மிதக்குற வால்வு ஒட்டிக்கும், கொஞ்சம் ஃப்ளூயிட் விட்டு டிரிப் சேம்பர மெதுவா அமுக்கி விட்டா திறக்கும். சேம்பர் முழுக்க நிரம்பியிருந்தா சொட்டு விழுறதே கண்ணுக்குத் தெரியாது, ஓடிட்டு இருக்குற லைன நின்னுடுச்சுன்னு நினைப்போம்.

பிளாஸ்டிக் பாட்டில்ல காத்துக்காக ஊசி குத்தி வைக்கிற பழக்கம் இன்னும் நிறைய இடத்துல இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம். வார்டு காத்துல இருக்குற கிருமி நேரா குழந்தை ரத்தத்துக்குப் போற வழி அது. ஏர் வென்ட் உள்ள செட் கேட்டு வாங்குங்க.

அடுத்து ரோலர் கிளாம்ப், அடுத்து த்ரீவே (மூணு பக்கம் திறந்து மூடுற சின்ன திருகு). த்ரீவேல கைப்பிடி எந்தப் பக்கம் மூடியிருக்குன்னு ஒவ்வொரு தடவையும் விரல் வச்சு பாருங்க, ஏன்னா ஆன்டிபயாடிக் போட்டுட்டு திருப்பி விட மறக்குறதுதான் வார்டுல ரொம்ப சாதாரணமா நடக்குறது. அப்புறம் ட்யூப். தொட்டில் கம்பி ஏத்தி இறக்குறப்ப நடுவுல மாட்டியிருக்கும், குழந்தை முதுகுக்கு அடியில போயிருக்கும், போர்வைக்குள்ள முறுக்கிட்டு கிடக்கும். குழந்தைய தூக்கிப் பாக்காம இது தெரியாது.

இன்னும் வரலையா, இப்ப கைக்கு வாங்க. முழங்கை மடிப்புலயோ மணிக்கட்டுலயோ போட்ட லைன் கைய மடக்குனா நிக்கும், நீட்டுனா ஓடும். இதுக்கு ஸ்பிளிண்ட்ட சரி பண்ணா போதும், மாத்திரை அட்டைப்பெட்டிய வெட்டி பஞ்சு சுத்தி கட்டுறதெல்லாம் சரிதான், ஆனா விரல் நுனி வெளிய தெரியணும், ஊசி இடம் வெளிய தெரியணும். டைனாபிளாஸ்ட்ட (ஒட்டுற பிளாஸ்டர்) கைய சுத்தி முழு வட்டமா ஒட்டியிருந்தா அதுவே நரம்ப அழுத்தி லைன நிறுத்தும். நம்ம ஊர் குழந்தைங்க மணிக்கட்டுல கறுப்பு வளையலும் மந்திரிச்ச கயிறும் இருக்கும் பாருங்க, லைன் போட்ட கையில அது இருக்கவே கூடாது. கை கொஞ்சம் வீங்குனாலும் அது இறுகிக்கும். அம்மாகிட்ட "அம்மா, இத கழட்டி இந்தப் பக்க கையில போட்டுக்கலாம்மா"ன்னு பக்குவமா சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க, சொல்லாம கத்தரிச்சுட்டா தான் சண்டை.

இவ்வளவும் சரியா இருந்தும் சொட்டு வரலன்னா ஊசி நுனி நரம்பு சுவர்ல முட்டிட்டு இருக்கலாம். கையோட கோணத்த லேசா மாத்திப் பாருங்க. அனுபவம் உள்ள சிஸ்டர் இருந்தா வென்ஃப்ளான ஒரு நூல் அளவு பின்னாடி இழுத்து மறுபடி ஒட்டிப் பார்ப்பாங்க. பின்னாடி இழுக்கலாம், வெளிய வந்தத மறுபடி உள்ள தள்ளக்கூடாது, எந்தக் காரணத்துக்கும். இதுக்கும் வழிக்கு வரலன்னா கீழ இருக்குற ஃப்ளஷ் பகுதிக்குப் போங்க.

அறிகுறி: பம்ப் அலாரம் அடிக்குது

அலாரத்த சைலன்ட் பண்ணிட்டு ஸ்டார்ட் அமுக்குறது ரொம்ப சுலபம், அத மட்டும் பண்ணாதீங்க. அலாரம் எந்தப் பக்கம்னு திரையில போட்டிருக்கும். பம்புக்கு மேல் பக்கம்னா பாட்டில், பியூரெட், கிளாம்ப். கீழ் பக்கம்னா த்ரீவே, மடங்குன ட்யூப், மடங்குன கை, கடைசியில வென்ஃப்ளான்.

கீழ் பக்க அடைப்பு அலாரத்துல எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு ஆபத்து இருக்கு. அலாரம் அடிக்கிற வரைக்கும் பம்ப் தள்ளிட்டேதான் இருந்திருக்கு, அந்த அழுத்தம் மொத்தமும் ட்யூப்ல சேர்ந்து நிக்குது. நீங்க போய் மூடியிருந்த த்ரீவேய டக்குன்னு திறந்தீங்கன்னா சேர்ந்து நின்ன மருந்து ஒரே அடியா குழந்தைக்குள்ள போகும். வெறும் ஃப்ளூயிட்னா பரவாயில்ல, டோபமின்னா விபரீதம். அதனால முதல்ல குழந்தை பக்கத்த மூடி வச்சு, பம்ப் பக்கத்த த்ரீவே வழியா வெளிய திறந்து அழுத்தத்த இறக்கிட்டு, அப்புறம்தான் அடைப்ப எடுக்கணும்.

இன்னொன்னு, அலாரம் அடிக்கலன்னா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தமே இல்ல. பம்புக்கு நரம்பு எது சதை எதுன்னு தெரியாது. தோலுக்கு அடியில போனாலும் சமர்த்தா தள்ளிட்டேதான் இருக்கும், பச்சைக் குழந்தையோட தோல் இளகி இடம் குடுத்துட்டே போகும், அழுத்தம் ஏறவே ஏறாது. மணிக்கு 1 எம்எல் 2 எம்எல்னு மெதுவா ஓடுற சிரிஞ்ச் பம்ப்ல உண்மையான அடைப்பு இருந்தா கூட அலாரம் வர ரொம்ப நேரம் ஆகும். அதனாலதான் ஃப்ளூயிட் ஓடுற குழந்தைக்கு மணிக்கு ஒரு தடவையாவது ஊசி இடத்த பாத்தே ஆகணும், ஐசியூல அதுக்கும் அடிக்கடி.

அறிகுறி: ஃப்ளஷ் போகல, சிரிஞ்ச் இறுக்கமா இருக்கு

இறுக்கமா இருந்தா கைய எடுங்க. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கும்னா இது இருக்கட்டும். இறுக்கமா இருக்கறப்ப 2 எம்எல் சிரிஞ்ச எடுத்து கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்துறது நிறைய பேர் கைப்பழக்கம். சிரிஞ்ச் சின்னதா இருக்க இருக்க அழுத்தம் ஜாஸ்தி. உள்ள இருக்குற ரத்தக்கட்டி ரத்தத்துல போகும், இல்ல நரம்பு வெடிக்கும், பிஐசிசி லைன்னா (கை நரம்பு வழியா இதயத்துக்கு பக்கம் வரைக்கும் போற நீளமான லைன்) ட்யூபே உடையும். லைன் திறந்திருக்கான்னு பாக்குறதுக்கு 10 எம்எல் சிரிஞ்ச்ல கொஞ்சமா சலைன் எடுத்து பாக்குறதுதான் பாதுகாப்பு.

சுலபமான காரணத்துல இருந்து வாங்க. எக்ஸ்டென்ஷன் கிளாம்ப் மூடியிருக்கா. த்ரீவே. கை மடங்கியிருக்கா. டேப்புக்கு அடியில வென்ஃப்ளான் தோலுக்குள்ள போற இடத்துலயே வளைஞ்சிருக்கா, இது டிரஸ்ஸிங்க எடுத்துப் பார்த்தாதான் தெரியும், எடுக்கறப்ப ஒரு கை வென்ஃப்ளான விடவே கூடாது.

எல்லாம் சரின்னா பழைய எக்ஸ்டென்ஷன கழட்டிட்டு சலைன் நிரப்புன புது எக்ஸ்டென்ஷன மாட்டிப் பாருங்க, சில நேரம் அடைப்பு வென்ஃப்ளான்ல இருக்காது, எக்ஸ்டென்ஷன்ல காஞ்ச ரத்தமா இருக்கும். மாட்டுறதுக்கு முன்னாடி வாய்ப்பகுதிய ஸ்பிரிட் ஸ்வாப் வச்சு பதினஞ்சு செகண்ட் நல்லா தேய்ச்சு காய விடுங்க. மாட்டுன பிறகு முதல்ல மெதுவா பின்னாடி இழுத்துப் பாருங்க. ரத்தம் வந்தா நல்லது, அப்புறம் மெதுவா சலைன் விடுங்க. ரத்தம் வரலன்னா மட்டும் லைன் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, 24, 26 கேஜ்ல நல்லா ஓடுற லைன்ல கூட ரத்தம் திரும்பி வராது. ரத்தம் வந்துச்சுங்கறதுக்காக லைன் சரின்னும் முடிவு பண்ணாதீங்க. தோலும் குழந்தை முகமும்தான் கடைசி சாட்சி.

இன்னும் போகலையா, அவ்வளவுதான், எடுத்துடுங்க. பெரிஃபெரல் லைன்ல (கை, கால் மாதிரி இடத்துல போட்ட சாதாரண லைன்) கட்டிய கரைக்க மருந்து விடுறதெல்லாம் கிடையாது.

*லைன்ல வெள்ளையா, கலங்கலா, துகளா தெரியுது.* இது ரத்தக்கட்டி இல்ல, ரெண்டு மருந்து சேர்ந்து உறைஞ்சது. ஃபெனிட்டாயின் டெக்ஸ்ட்ரோஸ்ல பட்டா உறையும், அதுக்கு நார்மல் சலைன் மட்டும்தான். கால்சியமும் சோடா பைகார்பும் ஒரே லைன்ல சந்திக்கக்கூடாது. செஃப்ட்ரையாக்சோனும் கால்சியமும் சேரவே கூடாது, ரிங்கர் லாக்டேட்லயும் கால்சியம் இருக்குங்கறத மறந்துடுறோம். பிறந்து 28 நாளுக்குள்ள இருக்குற குழந்தைக்கு கால்சியம் கலந்த ஃப்ளூயிட் போகுதுன்னா செஃப்ட்ரையாக்சோனே கூடாது, டாக்டர்கிட்ட கேட்டு வேற ஆன்டிபயாடிக் மாத்தணும். துகள் பார்த்துட்டீங்கன்னா ஒரு சொட்டு கூட உள்ள தள்ளாதீங்க, நிறுத்துங்க, லைன எடுங்க, டாக்டருக்கு சொல்லுங்க. மருந்துக்கு முன்னாடி சலைன், மருந்து, பின்னாடி சலைன்னு போட்டா இந்த வம்பு பெரும்பாலும் வரவே வராது.

*பிஐசிசி, ஹிக்மேன், கீமோ போர்ட்.* இதெல்லாம் பெரிய நரம்பு வரைக்கும் போற சென்ட்ரல் லைன். இதுல அடைப்புன்னா கிளாம்ப், மடிப்பு, குழந்தையோட கை, தலை திரும்பியிருக்குற பக்கம் இத மட்டும் பாருங்க. அதுக்கு மேல நம்ம வேலை இல்ல, அத போட்ட டீம கூப்பிடுங்க. இந்த லைனுக்கு கட்டி கரைக்கிற மருந்து இருக்கு, அத எப்ப எவ்வளவு விடணும்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. குழந்தைக்கு இது ஆயிரக்கணக்குல செலவு பண்ணி போட்ட லைன், அத ஒரு சின்ன சிரிஞ்ச்ல உடைச்சுடக்கூடாது.

அறிகுறி: ஃப்ளஷ் போகுது, ஆனா குழந்தை கத்துது

சிரிஞ்ச பார்த்தாலே அழுற குழந்தையும் உண்டு, உண்மையில எரியுற குழந்தையும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி, அம்மாவ பேச்சு குடுக்க சொல்லிட்டு குழந்தை பாக்காதப்ப ஒரு துளி சலைன் விடுங்க. பயத்துல அழுறது நீங்க பக்கத்துல வர்றப்பவே தொடங்கும். வலியில அழுறது தள்ளுற அந்த நொடியில தொடங்கி கைய வெடுக்குன்னு இழுக்கும்.

வலின்னா காரணம் பாருங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த மருந்தா, வேகமா தள்ளுறீங்களா, சரியா கரைக்காத ஆன்டிபயாடிக்கா. இது எதுவும் இல்லாம வெறும் சலைனுக்கே வலின்னா வீக்கமோ நரம்பு புண்ணோ தொடங்குது, கண்ணுக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான். அந்த லைன்ல மருந்து போடாதீங்க. பேசத் தெரியாத குழந்தை சொல்ற ஒரே வார்த்தை அழுகைதான், அத நம்புங்க.

அறிகுறி: வீங்கியிருக்கு

ஃப்ளூயிட்ட நிறுத்துங்க. வேற எதுவும் யோசிக்கறதுக்கு முன்னாடி நிறுத்துங்க, அப்புறம் வீக்கம் எவ்வளவு தூரம்னு பாருங்க. சட்டைய கழட்டி, ஸ்பிளிண்ட அவுத்து, தோள் வரைக்கும் பாருங்க. படுத்திருக்குற குழந்தைக்கு தண்ணி கீழ் பக்கம் இறங்கும், ஊசி புறங்கையில இருந்தாலும் வீக்கம் முழங்கைக்கு அடியில இருக்கும். தலையில போட்ட லைன்னா நெத்தி, கண் இமை, படுத்திருக்குற பக்க கன்னம். கால்ல போட்டதுன்னா கெண்டைக்கால். ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்க, மொத்த உடம்பும் வீங்குன நெஃப்ராட்டிக் (சிறுநீரகக் கோளாறு உள்ள) குழந்தைக்கும் டெங்கு குழந்தைக்கும் இப்படி ஒப்பிட்டாதான் தெரியும்.

இனி என்ன ஓடிட்டு இருந்துச்சுங்கறத பொறுத்து வழி ரெண்டா பிரியும்.

*சாதாரண ஃப்ளூயிட், சாதாரண ஆன்டிபயாடிக்; தோல் மென்மையா, விரல் சிவப்பா, சூடா இருக்கு.* வென்ஃப்ளான எடுங்க, பஞ்சு வச்சு மெதுவா பிடிங்க, கைய தலையணை மேல தூக்கி வைங்க. தேய்க்க வேண்டாம், அமுக்கி விட வேண்டாம். புது லைன் அடுத்த கையில. அந்தக் கை வடியுறவரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் விரல் நுனிய அமுக்கி நிறம் திரும்புதான்னு பாருங்க, ரெண்டு செகண்டுக்குள்ள திரும்பணும்.

*கால்சியம், பொட்டாசியம், 25% டெக்ஸ்ட்ரோஸ், சோடா பைகார்ப், ஃபெனிட்டாயின், வேன்கோமைசின், அசைக்ளோவிர், மேனிட்டால், டோபமின் வகையறா, கீமோ மருந்து.* இங்க வென்ஃப்ளான உடனே பிடுங்காதீங்க. பிடுங்கிட்டா உள்ள போன மருந்த திருப்பி எடுக்குற வழியே போயிடும். ட்யூப்ப கழட்டிட்டு வென்ஃப்ளான்ல நேரா ஒரு சின்ன சிரிஞ்ச மாட்டி வர்ற அளவுக்கு மெதுவா உறிஞ்சி எடுங்க. ஃப்ளஷ் கூடாது. இறுக்கமா இருக்குற டேப், வளையல், கயிறு எல்லாத்தையும் எடுங்க. வீக்கத்தோட ஓரத்த பேனாவால கோடு போட்டு பக்கத்துல நேரம் எழுதுங்க, அரை மணி கழிச்சு கோட்ட தாண்டியிருக்கான்னு பாத்தா பெருகுதா வடியுதான்னு சண்டையில்லாம தெரியும். கைய தூக்கி வைங்க. இதெல்லாம் ஒருத்தர் பண்றப்பவே இன்னொருத்தர் டாக்டர கூப்பிடணும், ஏன்னா சில மருந்துக்கு மாத்து மருந்து இருக்கு, ஹயலுரோனிடேஸ் மாதிரி, அது சீக்கிரம் போட்டாதான் பலன்.

ஐஸ் வைக்கிறதா ஒத்தடம் குடுக்குறதான்னு நீங்களா முடிவு பண்ண வேண்டாம். சில கீமோ மருந்துக்கு சூடு, நிறைய மருந்துக்கு குளிர்ச்சி, டோபமின் வகைக்கு குளிர்ச்சி வச்சா ரத்த ஓட்டம் இன்னும் சுருங்கிடும். மருந்து பேர சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. கொப்புளம் வந்தா உடைக்காதீங்க.

*உடனே சர்ஜன் வரைக்கும் போக வேண்டியது:* வீக்கம் கல்லு மாதிரி இருக்கு, விரல் வெளுத்தோ நீலமாவோ இருக்கு, விரல லேசா நீட்டுனாலே குழந்தை அலறுது, நாடி கிடைக்கல, தோல் வெள்ளையாவோ கறுப்பாவோ மாறுது. காலையில ரவுண்ட்ஸ்ல காமிக்கலாம்னு வைக்கவே கூடாது, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் எழுப்புங்க, சில மணி நேரத்துல கை போற விஷயம் இது.

அறிகுறி: நரம்பு வழியா சிவப்பா, கயிறு மாதிரி தடிச்சிருக்கு

நரம்பு புண்ணாயிடுச்சு. லைன் நல்லா ஓடிட்டு இருந்தாலும் எடுத்துடணும், "இன்னும் ரெண்டு டோஸ்தான் இருக்கு"ன்னு இழுக்கக்கூடாது. லேசான சிவப்புன்னா எடுத்தாலே வடிஞ்சிடும், வார்டுல வழக்கமா போடுற ஆயின்ட்மென்ட்ட புண் இல்லாத தோல்ல மேலாப்ல தடவலாம். சீழ் இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ டாக்டர் பாக்கணும்.

இங்க ஒரு தப்பான பழக்கத்தையும் சொல்லணும். பெரியவங்க வார்டுல 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துறோம், குழந்தைக்கும் அப்படியே மாத்தணும்னு சில பேர் நல்லா இருக்குற லைன கேலண்டர் பார்த்து எடுக்குறாங்க. குழந்தைகளுக்கு அப்படி வேண்டியதில்ல, ஏதாவது காரணம் இருந்தா மட்டும் மாத்துனா போதும், அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சிடிசியோட 2011 வழிகாட்டுதல்லயே அப்படித்தான் இருக்கு. நாள் முடிஞ்சதுக்காக நல்ல நரம்ப வீணாக்காதீங்க, அதே சமயம் தேவை முடிஞ்ச லைன சும்மா வச்சிருக்கவும் வேண்டாம்.

அறிகுறி: லைன்ல ரத்தம் ஏறி நிக்குது

அம்மாக்கள் ரொம்ப பயப்படுறது இதுக்குத்தான். பெரும்பாலும் பாட்டில் காலி, இல்ல பாட்டில் தாழ்வா இருக்கு, இல்ல குழந்தைய தூக்கிட்டு நடக்கறப்ப பாட்டில் கைக்கு கீழ போயிடுச்சு. குழந்தை முக்கி அழுதாலும் ஏறும். த்ரீவே மூடியோ வென்ஃப்ளான் மேல இருக்குற மருந்து போடுற மூடியோ லூசா இருக்கான்னு உடனே பாருங்க, திறந்து கிடந்தா பெட்ஷீட்ல ரத்தம் போயிட்டே இருக்கும், சின்னக் குழந்தைக்கு அது கொஞ்ச ரத்தம் இல்ல.

இப்பத்தான் ஏறுனது, இன்னும் தண்ணியா இருக்குன்னா காரணத்த சரி பண்ணிட்டு மெதுவா சலைன் விட்டா போயிடும் (மேல சொன்ன ஆபத்தான மருந்து ஓடலன்னா மட்டும்). கறுத்து கெட்டியா நிக்குதுன்னா தள்ளாதீங்க, ஃப்ளஷ் பகுதியில சொன்ன மாதிரி எக்ஸ்டென்ஷன மாத்திப் பாருங்க, இல்ல எடுங்க.

*ரத்தம் நல்ல சிவப்பா துடிச்சு துடிச்சு ஏறுது, ஊசிக்கு கீழ விரல் வெளுத்திருக்கு.* ஊசி தமனியில போயிருக்கலாம். தலையில, மணிக்கட்டுல, முழங்கையில போட்ட லைன்ல இது நடக்கும். எந்த மருந்தும் போடாதீங்க, நிறுத்திட்டு டாக்டர கூப்பிடுங்க, எடுக்க சொன்னா எடுத்துட்டு அஞ்சு நிமிஷமாவது நல்லா அழுத்திப் பிடிக்கணும்.

அறிகுறி: டிரஸ்ஸிங் நனைஞ்சிருக்கு

வேர்வையா, பாலா, மூத்திரமா, ஃப்ளூயிட்டா, முதல்ல அத பாருங்க. இணைப்பு லூசா இருந்தா இறுக்கி, துடைச்சு, புது டிரஸ்ஸிங் போட்டா முடிஞ்சது. ஊசி தோலுக்குள்ள போற ஓட்டை வழியா கசியுதுன்னா உள்ள போக வழியில்லாம வெளிய வருதுன்னு அர்த்தம், மேல இன்னொரு பிளாஸ்டர் ஒட்டி மறைக்காதீங்க, எடுங்க. டெங்கு குழந்தைக்கு பிளேட்லெட் குறைஞ்சு ரத்தம் கசிஞ்சா எடுத்த பிறகு ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்கணும், நிக்கலன்னா டாக்டர்.

அறிகுறி: ஃப்ளஷ் பண்ண கொஞ்ச நேரத்துல குளிர் நடுக்கம், காய்ச்சல்

நிறுத்துங்க, லைன்ல இன்னொரு சொட்டு போடாதீங்க, உடனே டாக்டர். லைன்லயோ ஃப்ளஷ்லயோ கிருமி இருக்கலாம். மொத்த வார்டுக்கும் ஒரே 100 எம்எல் சலைன் பாட்டில்ல ஊசிய குத்தி வச்சுட்டு எல்லா குழந்தைக்கும் அதுலயே எடுக்குற பழக்கம் இதுக்கு ஒரு முக்கியமான காரணம். 10 எம்எல் சலைன் ஆம்பியூல் விலை ரொம்பக் குறைவு. ஒரு குழந்தைக்கு ஒரு ஆம்பியூல், ஒரு சிரிஞ்ச், மீதிய கொட்டிடுங்க. ஸ்டாக் இல்லன்னு சொன்னா இன்டென்ட்ல (ஸ்டோர்ல பொருள் கேட்டு எழுதுற சீட்டு) எழுதி எழுதி கேளுங்க, நான் இதுல விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

*ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து வந்த குழந்தை முதல் ஃப்ளஷ்லயே தளர்ந்து போகுது, மூச்சு விடல.* இது வேற விஷயம். மயக்க மருந்து எக்ஸ்டென்ஷன்ல மிச்சம் இருந்து உள்ள போயிருக்கு. ஆம்பூ பேக் போட்டு மூச்சு குடுத்துட்டே உதவிக்கு கத்துங்க. தியேட்டர்ல இருந்து குழந்தைய வாங்குறப்பவே "லைன் ஃப்ளஷ் பண்ணியாச்சா"ன்னு கேட்டு எழுதி வாங்கிட்டா இந்த நிலைமை வராது.

பிளாக் ஆகாம இருக்க எவ்வளவு சலைன், ஹெப்பாரின் வேணுமா

மருந்துக்கு முன்னும் பின்னும், சும்மா இருக்குற லைன்னா ஷிஃப்ட்டுக்கு ஒரு தடவையாவது. வென்ஃப்ளானும் எக்ஸ்டென்ஷனும் சேர்ந்து பிடிக்கிற அளவுல ரெண்டு மடங்கு சலைன் வேணும். பச்சைக் குழந்தைக்கு அரை எம்எல்ல இருந்து 1 எம்எல், கொஞ்சம் பெரிய குழந்தைக்கு 2, 3 எம்எல்னு பொதுவா வரும். சின்னக் குழந்தைக்கு ஒவ்வொரு ஃப்ளஷ்ஷையும் இன்டேக் சார்ட்ல எழுதுங்க, ஒரு நாள் மொத்தம் கூட்டிப் பார்த்தா அது ஒரு ஃபீட் அளவுக்கு வந்து நிக்கும். ஒரே தள்ளா தள்ளாம கொஞ்சம் தள்ளி நிறுத்தி, கொஞ்சம் தள்ளி நிறுத்தி விடுங்க, கடைசி சொட்டு போயிட்டு இருக்கறப்பவே கிளாம்ப மூடுங்க. சிரிஞ்ச எடுத்துட்டு அப்புறம் மூடுனா அந்த இடைவெளியில நுனிக்குள்ள ரத்தம் ஏறி உறையும், பாதி பிளாக்குக்கு காரணம் இந்த ஒரு நொடிதான்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாம தடுக்குற மருந்து) பெரிஃபெரல் லைனுக்கு வேண்டாம், சலைனே போதும். ஹெப்பாரின் வயல் நம்மகிட்ட 1000 யூனிட், 5000 யூனிட்னு ரெண்டு வகை, பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், லாக் போட (லைன்ல நிரப்பி மூடி வைக்க) வேண்டியதோ ஒரு எம்எல்லுக்கு 10 யூனிட். 2006ல அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல 10 யூனிட் வயல் இருக்க வேண்டிய இடத்துல 10,000 யூனிட் வயல் மாறி வந்து, ஃப்ளஷ் பண்ணப்ப குறைமாசக் குழந்தைங்க மூணு பேர் செத்துப் போனாங்க. ஆயிரம் மடங்கு. சென்ட்ரல் லைனுக்கு டாக்டர் எழுதியிருந்தா மட்டும், ரெண்டு பேர் சேர்ந்து பார்த்து கலக்கி, லேபிள் ஒட்டி போடுங்க.

புது லைனே கிடைக்கலன்னா

ஒருத்தர் ரெண்டு தடவை முயற்சி பண்ணி கிடைக்கலன்னா கை மாத்துங்க. மூணாவது நாலாவதுன்னு ஒரே ஆள் குத்திட்டே இருந்தா மிச்சம் இருக்குற நரம்பும் போயிடும். பிஜி டாக்டர், அப்புறம் அனஸ்தீசியா டாக்டர், என்ஐசியு (பச்சைக் குழந்தை ஐசியூ) சிஸ்டர்ஸ்ல கை ராசியானவங்க ஒருத்தர் எப்பவும் இருப்பாங்க, கூச்சப்படாம கூப்பிடுங்க.

குழந்தை ஷாக்ல இருந்தா நரம்பு தேடி நேரத்த ஓட்டவே கூடாது, முழங்காலுக்கு கீழ எலும்புல ஐஓ ஊசி (எலும்புக்குள்ள வழியா ஃப்ளூயிட் குடுக்குற ஊசி) போடுறதுதான் அடுத்த வழி, டாக்டருக்கு அத ஞாபகப்படுத்த தயங்காதீங்க. வயித்துப்போக்குல வந்து லைன் கிடைக்காத குழந்தைக்கு மூக்கு ட்யூப் வழியா ஓஆர்எஸ், ஒரு கிலோவுக்கு மணிக்கு 20 எம்எல் கணக்குல 6 மணி நேரம்னு உலக சுகாதார நிறுவனமே வழி சொல்லியிருக்கு, டாக்டர் சொன்னா உடனே தொடங்கலாம். அவசரம் எதுவும் இல்லாத குழந்தைன்னா அடுத்த ஊசிக்கு முன்னாடி "சார், வாய் வழியா மருந்து மாத்திடலாமா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, பாதி நேரம் ஆமான்னுதான் பதில் வரும்.

கிடைச்ச லைனுக்கு டிரஸ்ஸிங் மேல தேதி, நேரம், கேஜ் எழுதுங்க. ஷிஃப்ட் மாறுறப்ப நோட்ட மட்டும் கைமாத்தாம போற சிஸ்டரும் வர்ற சிஸ்டரும் ஒவ்வொரு கட்டிலா நடந்து, போர்வைய விலக்கி, ரெண்டு பேரும் அந்தக் கைய தொட்டுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.